ஹாப்ரேயைக் கூண்டில் ஏற்றியவர்கள்

ஆட்சி பறிபோன சர்வாதிகாரிகளுக்கு இருபதாம் நூற்றாண்டில் எங்காவது ஓர் அடைக்கலம் கிடைத்துக்கொண்டே இருந்தது. உகாண்டாவை எட்டு ஆண்டுகள் ஆட்டிப்படைத்த இடி அமீன், சவூதி அரேபியாவின் ஜித்தா நகரில் யார் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்து 2003-இல் மருத்துவமனையில் இறந்தார். எத்தியோப்பியாவின் மெங்கிஸ்து ஹைலே மரியம் 1991-இல் ஜிம்பாப்வேக்கு ஓடிப்போனார். சொந்த நாட்டு நீதிமன்றம் பின்னாளில் அவருக்கு மரண தண்டனை விதித்தும் ஜிம்பாப்வே அவரைப் பிடித்துக் கொடுக்கவில்லை.

மத்திய ஆப்பிரிக்க நாடான சாட்டின் அதிபர் ஹிசேன் ஹாப்ரேயும் இந்த வரிசையில்தான் சேர்ந்திருக்க வேண்டும். 1990 டிசம்பர் 1 அன்று, தன் பழைய படைத்தளபதி இத்ரிஸ் டெபி படையோடு தலைநகர் என்ஜமீனாவை நெருங்கியபோது, அவர் அரசுக் கருவூலத்தை வழித்துத் துடைத்து எடுத்துக்கொண்டு கேமரூன் வழியாக செனகலுக்குப் போய்ச் சேர்ந்தார். டக்காரில் வீடு வாங்கினார். அந்த நாட்டுப் பெண் ஒருவரை மணந்தார். பள்ளிவாசல் கட்டப் பணம் கொடுத்தார். மதத் தலைவர்கள், அரசியல்வாதிகள், பத்திரிகையாளர்கள் என்று வேண்டியவர்களின் வட்டம் பெருகியது. அக்கம்பக்கத்தாருக்கு அவர் தாராள மனம் கொண்ட, தொழுகை தவறாத பெரிய மனிதர்.

அதே டக்காரில் 2016 மே 30 அன்று ஒரு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள், சித்திரவதை. ஒரு நாட்டின் நீதிமன்றம் இன்னொரு நாட்டின் முன்னாள் ஆட்சியாளரை மனித உரிமைக் குற்றங்களுக்காக விசாரித்துத் தண்டித்தது உலகத்தில் அதுவே முதல் முறை.

அதைச் சாதித்தது எந்த அரசும் இல்லை. பிரான்சும் அமெரிக்காவும் ஹாப்ரேயை வளர்த்துவிட்ட நாடுகள். செனகல் அவரைப் பல ஆண்டுகள் காப்பாற்றிய நாடு. சாட்டின் புதிய அரசோ, அவருடைய பழைய ஆட்களைப் பதவியில் வைத்துக்கொண்ட அரசு. வழக்கை முதுகில் சுமந்து வந்தவர்கள் அவருடைய சிறைகளிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்களும், செத்துப்போனவர்களின் மனைவிமாரும்தான்.

ஹாப்ரே பாரிஸில் அரசியல் படித்தவர். ஊர் திரும்பிக் கிளர்ச்சிப் படை ஒன்றின் தலைவரானார். பிரெஞ்சுத் தொல்லியல் ஆய்வாளர் ஒருவரை 1974-இல் கடத்திய படை அவருடையதுதான். அந்தப் பெண்மணி பாலைவனத்தில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பிணைக்கைதியாக இருந்தார். அப்படிப்பட்ட மனிதரைப் பிரான்சு பின்னாளில் தோளில் தூக்கி வைத்துக்கொண்டதற்குக் காரணம் லிபியாவின் கடாபி. சாட்டின் வடக்கே லிபியப் படைகள் நிலைகொண்டிருந்தன. கடாபியைத் தடுத்து நிறுத்த ஒரு முரட்டு ஆள் வேண்டும் என்று அமெரிக்காவின் ரீகன் அரசு நினைத்தது. 1982 ஜூனில் ஹாப்ரே என்ஜமீனாவைப் பிடித்தார். ஆயுதமும் பணமும் பயிற்சியும் வந்து குவிந்தன. 1987-இல் வெள்ளை மாளிகையில் அவருக்கு வரவேற்பே நடந்தது.

வாஷிங்டனில் அவர் கைகுலுக்கிய நாட்களில் என்ஜமீனாவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு நீச்சல் குளத்தைப் பார்த்தால் போதும். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் தங்கள் குடும்பங்களுக்காகக் கட்டிய குளம் அது. ஹாப்ரேயின் ஆட்கள் தண்ணீரை வடித்து, மேலே கான்கிரீட் தளம் போட்டு மூடி, உள்ளே தடுப்புச் சுவர் எழுப்பிச் சிறையறைகளாக மாற்றினார்கள். தரைக்குக் கீழே, காற்றோட்டம் இல்லாமல், சாட்டின் கோடை வெயிலில், படுக்கக்கூட இடமில்லாத அளவுக்கு அந்த அறைகளில் ஆட்களை அடைத்தார்கள். 'பிசீன்', அதாவது நீச்சல் குளம் என்றே அந்தச் சிறைக்குப் பெயர். தலைநகரில் இப்படிப் பல சிறைகள் இருந்தன. அவற்றில் ஒன்று அதிபர் மாளிகை வளாகத்துக்குள்ளேயே இருந்தது.

இவற்றை நடத்தியது 'ஆவண மற்றும் பாதுகாப்பு இயக்ககம்' என்ற அரசியல் போலீஸ். டி.டி.எஸ். என்ற மூன்றெழுத்தைச் சொன்னாலே ஊர் நடுங்கும். 1983 ஜனவரியில் அதை உருவாக்கிய அரசாணையிலேயே, இது நேரடியாக அதிபருக்குக் கட்டுப்பட்டது என்று எழுதப்பட்டிருந்தது. அந்த ஒரு வரி முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஹாப்ரேயின் கழுத்தைப் பிடித்தது. கைதியின் இரண்டு கைகளையும் இரண்டு கால்களையும் முதுகுக்குப் பின்னால் இழுத்து ஒன்றாகக் கட்டும் 'அர்பதாஷார்' அவர்களுடைய வாடிக்கையான முறை. நெஞ்சு பிதுங்கி, இரத்த ஓட்டம் நின்று, பலருக்குக் கைகால் நிரந்தரமாக விளங்காமல் போனது. ஓடும் வண்டியின் புகைக்குழாயை வாயில் திணிப்பது இன்னொரு முறை. 1984-இல் தெற்கத்திய மக்கள்மீது, 1987-இல் ஹஜெராய் இனத்தார்மீது, 1989-இல் சகாவா இனத்தார்மீது என்று, தலைவர்கள் எதிர்த்தால் இனத்தையே வேட்டையாடினார்கள். ஹாப்ரே போன பிறகு அமைந்த உண்மை அறியும் ஆணையம் 1992-இல் அறிக்கை கொடுத்தது. எட்டாண்டு ஆட்சியில் கொல்லப்பட்டவர்கள் 40,000 பேர் இருக்கலாம் என்பது அதன் மதிப்பீடு.

அந்தச் சிறைகளில் இரண்டரை ஆண்டுகள் கிடந்தவர் சுலேமான் கெங்கெங். சாட் ஏரிப் படுகை ஆணையத்தில் கணக்கு வேலை பார்த்த, தெய்வபக்தி நிறைந்த, அரசியல் பக்கமே போகாத மனிதர். 1988-இல் எதிர்க்கட்சிக்காரர்களுக்கு உதவினார் என்று சொல்லிப் பிடித்துப் போனார்கள். இருட்டறையில் பார்வை பாதி போனது. பல முறை சாவின் விளிம்புக்குப் போய் வந்தார். பக்கத்தில் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தபோது, இங்கிருந்து உயிரோடு வெளியே போனால் இவர்களுக்காக நியாயம் கேட்பேன் என்று ஆண்டவனிடம் சபதம் செய்தார்.

ஹாப்ரே ஓடிய அன்று சிறைக் கதவுகள் திறந்தன. கெங்கெங் செய்த முதல் வேலை, ஒரு கணக்கர் எதைச் செய்வாரோ அதுதான். உடன் இருந்தவர்களையும் இறந்தவர்களின் குடும்பங்களையும் தேடிப்போய் வாக்குமூலம் எழுதி வாங்கினார். பெயர், ஊர், பிடித்துப்போன நாள், அடைத்த சிறை, செய்த கொடுமை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு. தோழர்களோடு சேர்ந்து பாதிக்கப்பட்டோர் சங்கம் ஒன்றைத் தொடங்கி 792 பேரின் கதைகளைச் சேர்த்துவிட்டார். கொடுக்கத்தான் இடம் இல்லை. டி.டி.எஸ். அதிகாரிகளில் பலர் புதிய அரசிலும் பதவியில் இருந்தார்கள். டெபியே 1984-இல் தெற்கில் வெறியாட்டம் ஆடிய காலத்தில் ஹாப்ரேயின் தலைமைத் தளபதி. மிரட்டல் வந்தது. கெங்கெங் காகிதங்களை வீட்டில் மறைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

எட்டு ஆண்டுகள் கழித்து லண்டனிலிருந்து ஒரு செய்தி வந்தது.

1998 அக்டோபர் 16 இரவு, முதுகு அறுவை சிகிச்சைக்காக லண்டன் மருத்துவமனையில் இருந்த சிலியின் முன்னாள் சர்வாதிகாரி அகஸ்டோ பினோசேயை பிரிட்டிஷ் போலீஸ் கைது செய்தது. ஆணை பிறப்பித்தவர் ஸ்பெயின் நீதிபதி பால்தசார் கார்சோன். சிலியில் நடந்த குற்றம், ஸ்பெயின் நீதிபதியின் ஆணை, இங்கிலாந்தில் கைது. எப்படி முடியும் என்று உலகமே கேட்டது.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். பதவியில் இருக்கும் நாட்டுத் தலைவரை அயல்நாட்டு நீதிமன்றம் தொட முடியாது; அது நாடுகளுக்கிடையே பழைய வழக்கம். பதவி போன பிறகு அந்தப் பாதுகாப்பு சுருங்கிவிடும். ஆட்சிப் பணி என்று சொல்லத்தக்க செயல்களுக்கு மட்டும் அது தொடரும். அப்படியானால் சித்திரவதை ஆட்சிப் பணியா? 1984-இல் ஐ.நா. கொண்டுவந்த சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை இதற்கு வழி திறந்திருந்தது. அதில் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்ட நாடு, சித்திரவதை செய்தவன் தன் எல்லைக்குள் வந்தால், குற்றம் எங்கே நடந்திருந்தாலும், தானே விசாரிக்க வேண்டும். இல்லையென்றால் விசாரிக்கும் நாட்டுக்கு ஒப்படைக்க வேண்டும். பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் 1999 மார்ச்சில் ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், முன்னாள் அதிபர் என்ற தகுதி சித்திரவதைக் குற்றத்துக்குக் கவசம் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். கடைசியில் உடல்நிலையைக் காரணம் காட்டி பினோசேயைச் சிலிக்கு அனுப்பிவிட்டது பிரிட்டன். சந்தியாகோ விமான நிலையத்தில் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நின்று அவர் ஆதரவாளர்களுக்குக் கைகாட்டினார். ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான்.

சாட்டின் மனித உரிமைக்காரர்கள் இதைக் கவனித்தார்கள். செனகல் அந்த உடன்படிக்கையை 1986-லேயே ஏற்றுக்கொண்ட நாடு. ஹாப்ரே இருப்பது செனகலில். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பின் உதவியைக் கேட்டார்கள். அங்கே பினோசே வழக்கில் வேலை செய்த ரீட் பிராடி என்ற அமெரிக்க வழக்கறிஞர் இதைக் கையில் எடுத்தார். கெங்கெங் மறைத்து வைத்திருந்த கோப்புகள் நாட்டைவிட்டு வெளியே போயின. 2000 ஜனவரி 26 அன்று பாதிக்கப்பட்டவர்கள் டக்காரில் புகார் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் விசாரணை நீதிபதி தெம்பா காஞ்சி, ஹாப்ரேமீது குற்றம் பதிந்து வீட்டுக் காவலில் வைத்தார்.

இவ்வளவு சுலபமா என்று எண்ணத் தோன்றும். இல்லை. சில வாரங்களில் செனகலில் ஆட்சி மாறி அப்துலாயே வாட் அதிபரானார். நீதிபதி காஞ்சி வேறு பதவிக்கு மாற்றப்பட்டார். ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. உடன்படிக்கையை ஏற்றது உண்மைதான், ஆனால் வெளிநாட்டில் நடந்த சித்திரவதையை விசாரிக்கும்படி உள்நாட்டுச் சட்டம் திருத்தப்படவில்லையே என்பது அவர்கள் சொன்ன காரணம். பதினைந்து ஆண்டுகளாகச் சட்டத்தைத் திருத்தாமல் விட்டதும் செனகல்தான், திருத்தவில்லை என்று சாக்குச் சொன்னதும் செனகல்தான்.

பாதிக்கப்பட்டவர்கள் பெல்ஜியத்துக்குப் போனார்கள். குற்றம் எங்கே நடந்தாலும் விசாரிக்கலாம் என்ற விரிவான சட்டம் அப்போது அங்கே இருந்தது. சாட்டில் பிறந்து பெல்ஜியக் குடியுரிமை பெற்றவர்களும் புகார்தாரர்களில் இருந்தார்கள்.

2001 மே மாதம் எதிர்பாராத ஒன்று நடந்தது. ரீட் பிராடியும் அவருடைய சக ஊழியர் ஒருவரும் என்ஜமீனாவில் கைவிடப்பட்டுக் கிடந்த டி.டி.எஸ். தலைமையகத்தைப் பார்க்கப் போனார்கள். உள்ளே அறை அறையாகத் தரை முழுக்கக் காகிதம். கைதிகளின் அன்றாடப் பட்டியல்கள், விசாரணைக் குறிப்புகள், மரணச் சான்றுகள், உளவறிக்கைகள் எல்லாம் தூசியும் குப்பையுமாகக் குவிந்து கிடந்தன. பத்தாண்டுகளாக எவரும் எடுத்துப் பத்திரப்படுத்தவும் இல்லை, கொளுத்தவும் இல்லை. சங்கத்தைச் சேர்ந்தவர்கள் உட்கார்ந்து அவற்றைப் பிரித்து அடுக்கினார்கள். தாங்கள் அடைபட்டிருந்த நாளின் பட்டியலில் தங்கள் பெயரையே கண்டவர்களும் அவர்களில் உண்டு. புள்ளியியல் வல்லுநர்கள் பின்னர் அந்தக் காகிதங்களைக் கணக்கிட்டபோது 12,321 பேரின் பெயர்கள் கிடைத்தன. காவலில் இறந்தவர்கள் என்று டி.டி.எஸ்.ஸே பதிந்து வைத்திருந்தவர்கள் 1,208 பேர். 898 கைதிகளைப் பற்றி ஹாப்ரேக்கு நேரடியாகப் போன தகவல்கள் மட்டும் 1,265.

எனக்குத் தெரியாமல் கீழே இருப்பவர்கள் செய்துவிட்டார்கள் என்று சொல்லித்தான் ஆட்சியாளர்கள் தப்பிப்பது வழக்கம். அந்தப் பேச்சுக்கு இங்கே இடமில்லாமல் போனது. நோயுற்ற போர்க்கைதிகளை மருத்துவமனையில் சேர்க்க அனுமதி கேட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் எழுதிய கடிதம் ஒன்று பின்னாளில் விசாரணைக்கு வந்தது. அதன் ஓரத்தில் கையால் ஒரு குறிப்பு. இனிமேல் எந்தப் போர்க்கைதியும் சிறையைவிட்டு வெளியே போகக்கூடாது, இறந்தால் தவிர. அது ஹாப்ரேயின் கையெழுத்துதான் என்று கையெழுத்து நிபுணர் சாட்சி சொன்னார்.

சாட்டிலேயே வழக்கை நடத்திக்கொண்டிருந்தவர் ஜாக்குலின் முதேனா. நாட்டின் முதல் தலைமுறைப் பெண் வழக்கறிஞர்களில் ஒருவர். ஹாப்ரேயின் கீழ் சித்திரவதை செய்த அதிகாரிகள்மீது உள்நாட்டிலும் அவர் புகார் கொடுத்திருந்தார். 2001 ஜூனில் பிரெஞ்சுத் தூதரகத்துக்கு முன்னால் பெண்கள் நடத்திய அமைதியான ஆர்ப்பாட்டத்தில் அவர்மீது போலீஸார் கையெறி குண்டு வீசினார்கள். அந்தப் போலீஸ் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் ஹாப்ரே காலத்து அதிகாரி. முதேனா யார்மீது வழக்குப் போட்டிருந்தாரோ அவர்களில் ஒருவர். குண்டுச் சிதறல் பாய்ந்த காலோடு பாரிஸில் சிகிச்சை பெற்றுத் திரும்பி வந்து வழக்கைத் தொடர்ந்தார். இந்த வரலாற்றில் வீரம் என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உள்ளவர் அவர்.

அடுத்த பத்தாண்டுகள் இழுத்தடிப்பின் காலம். பெல்ஜியத்தின் சட்டம் அமெரிக்காவின் கடும் நெருக்கடியால் 2003-இல் வெட்டிச் சுருக்கப்பட்டது. ஹாப்ரே வழக்கு மட்டும் நல்லவேளையாகத் தப்பியது. 2005 செப்டம்பரில் பெல்ஜிய நீதிபதி கைது ஆணை பிறப்பித்தார். செனகல், நாங்கள் முடிவெடுக்க முடியாது என்று ஆப்பிரிக்க ஒன்றியத்திடம் தள்ளிவிட்டது. ஒன்றியம் 2006 ஜூலையில், ஆப்பிரிக்காவின் சார்பில் செனகலே விசாரிக்கட்டும் என்று திருப்பி அனுப்பியது. சட்டத்தைத் திருத்தினார்கள். பிறகு பணம் இல்லை என்றார்கள். பிறகு மேற்கு ஆப்பிரிக்க வட்டார நீதிமன்றம், தனிச்சிறப்பான சர்வதேசத் தன்மை கொண்ட நீதிமன்றத்தில்தான் விசாரிக்கலாம் என்றது. இதற்கிடையில் என்ஜமீனாவில் சங்கத்து உறுப்பினர்கள் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருந்தார்கள்.

2011 ஜூலையில் வாட் திடீரென்று, ஹாப்ரேயை விமானத்தில் ஏற்றிச் சாட்டுக்கே அனுப்பப் போகிறேன் என்றார். அங்கே அவர் இல்லாமலேயே மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. போனால் விசாரணையே இல்லாமல் கதை முடிந்துவிடும். நிறுத்துங்கள் என்று குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர், அப்போது ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்த நவநீதம் பிள்ளை. டர்பனில் தமிழ் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த இந்தப் பெண்மணி, ருவாண்டா தீர்ப்பாயத்தில் நீதிபதியாக இருந்தபோது, வன்புணர்வும் இனப்படுகொலையின் ஆயுதம் ஆகலாம் என்ற 1998-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற தீர்ப்பில் பங்கு வகித்தவர். ஹாப்ரேக்கும் முறையான விசாரணை பெறும் உரிமை உண்டு என்பது அவர் வாதம். வாட் பின்வாங்கினார்.

ஓராண்டுக்குள் எல்லாம் மாறியது. 2012-இல் வாட் தோற்று மேக்கி சால் அதிபரானார். அதே ஆண்டு ஜூலையில் தி ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம், பெல்ஜியம் தொடுத்த வழக்கில், தாமதம் செய்யாமல் விசாரி, இல்லையென்றால் ஒப்படை என்று செனகலுக்கு உத்தரவிட்டது. ஆப்பிரிக்க ஒன்றியமும் செனகலும் ஒப்பந்தம் போட்டு, செனகல் நீதிமன்றங்களுக்குள்ளேயே 'ஆப்பிரிக்கச் சிறப்பு அமர்வுகள்' என்ற அமைப்பை 2013 பிப்ரவரியில் தொடங்கின. மொத்தச் செலவுக்கு 86 லட்சம் யூரோ. சர்வதேசத் தீர்ப்பாயங்கள் விழுங்கும் பணத்தோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். விசாரணை நீதிபதிகள் நான்கு முறை சாட்டுக்குப் போய் ஏறத்தாழ 2,500 பேரிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். அர்ஜென்டினாவின் தடய மானுடவியல் நிபுணர்கள் வந்து புதைகுழிகளைத் தோண்டினார்கள். தங்கள் நாட்டுச் சர்வாதிகாரம் காணாமல் ஆக்கியவர்களைத் தேடித் தேடி அந்தக் கலையைக் கற்றவர்கள் அவர்கள்.

2013 ஜூன் 30 அன்று ஹாப்ரே கைதானார். 2015 ஜூலை 20 அன்று விசாரணை தொடங்கியதும் கூச்சல் போட்டார், வெளியே கொண்டுபோனார்கள். வழக்கறிஞர்கள் வர மறுத்தார்கள். நீதிமன்றமே வழக்கறிஞர்களை அமர்த்தி 45 நாள் அவகாசம் கொடுத்தது. செப்டம்பரில் காவலர்கள் அவரைத் தூக்கி வந்து நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்தார்கள். அதன் பிறகு தீர்ப்பு வரும்வரை அவர் வாய் திறக்கவில்லை. வெள்ளை அங்கி, முகத்தை மூடிய தலைப்பாகை, கறுப்புக் கண்ணாடி. எதிரே 93 சாட்சிகள் வந்து பேசிவிட்டுப் போனார்கள். கெங்கெங் வந்தார். ஜெர்மனியில் படிக்க உதவித்தொகை கிடைத்துக் கிளம்பும் நேரத்தில் பிடிபட்டு, நான்காண்டுகள் சக கைதிகளின் பிணங்களைப் புதைக்கும் வேலையில் தள்ளப்பட்ட கிளேமான் அபைஃபுதா வந்தார்.

பெண்கள் வந்ததுதான் விசாரணையின் போக்கையே மாற்றியது. முதலில் பதிந்த குற்றச்சாட்டில் பாலியல் வன்முறை இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளாகக் கணவனிடமும் பிள்ளைகளிடமும்கூடச் சொல்லாமல் வைத்திருந்ததை அவர்கள் அந்த மன்றத்தில் சொன்னார்கள். 1988-இல் ஒரு கூட்டம் பெண்களை வடக்கே வாடி தூம் என்ற பாலைவன இராணுவ முகாமுக்கு அனுப்பி, சிப்பாய்களுக்குப் பாலியல் அடிமைகளாக வைத்திருந்தார்கள். அவர்களில் சிறுமிகளும் இருந்தார்கள். ஒரு பெண், ஹாப்ரே தன்னை அதிபர் மாளிகையில் வன்புணர்ந்தார் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார். கறுப்புக் கண்ணாடி அசையவில்லை. வன்புணர்வும் பாலியல் அடிமைத்தனமும் தீர்ப்பில் சேர்ந்தன. 2017 ஏப்ரலில் மேல்முறையீட்டு அமர்வு ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. ஹாப்ரே நேரடியாகச் செய்த வன்புணர்வு என்ற ஒரு குற்றத்தை மட்டும், அது குற்றப்பத்திரிகையில் தொடக்கத்திலேயே இடம்பெறவில்லை என்ற நடைமுறைக் காரணத்தால் நீக்கியது. அந்தப் பெண்ணின் சொல்லை நாங்கள் சந்தேகிக்கவில்லை என்பதையும் நீதிபதிகள் சேர்த்தே சொன்னார்கள்.

முதல் தீர்ப்பை வாசித்தவர் புர்கினா ஃபாசோவைச் சேர்ந்த நீதிபதி குஸ்தாவ் காம். வாசித்து முடித்ததும் மன்றத்தில் பெண்கள் குலவையிட்டார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள். ஹாப்ரே இரு கைகளையும் உயர்த்தி, ஆப்பிரிக்காவில் பிரான்சின் ஆதிக்கம் ஒழிக என்று முழங்கிவிட்டுப் போனார். பிரான்சின் ஆதிக்கத்தால் பலன் பெற்றவர்களின் பட்டியலில் அவருடைய பெயர் எவ்வளவு மேலே இருக்கிறது என்பது அந்த மன்றத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கூண்டில் நின்றிருக்க வேண்டிய வேறு சிலர் நிற்கவில்லை. டெபி 2021-இல் இறக்கும்வரை சாட்டின் அதிபராகவே இருந்தார். ஆயுதம் கொடுத்தவர்களை யாரும் விசாரிக்கவில்லை. அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜான் கெர்ரி தீர்ப்பை வரவேற்றபோது, சாட்டில் நடந்தவற்றோடு தங்கள் நாட்டுக்கு இருந்த தொடர்பையும் எண்ணிப் பார்க்க இது ஒரு தருணம் என்றார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. எளிய நாட்டின் வீழ்ந்த அதிபர் மட்டுமே பிடிபடுகிறார், அவரைத் தாங்கிப் பிடித்தவர்கள் தப்பிவிடுகிறார்கள் என்று ஆப்பிரிக்கர்கள் சொல்லும் குறை நியாயமான குறை. ஆனால் அதையே காரணம் காட்டி ஹாப்ரேயையும் விட்டிருக்க வேண்டும் என்று வாதிடுவதில் நியாயம் இல்லை. பிசீனின் கைதிகளிடம் அந்த வாதத்தை யார் போய்ச் சொல்வது?

ஹாப்ரே வழக்கு காட்டிய பாதையில் மற்றவர்களும் நடக்கிறார்கள். 2022 ஜூலையில் கோத்தபய ராஜபக்ச இலங்கையை விட்டு ஓடி சிங்கப்பூரில் இறங்கியபோது, யஸ்மின் சூகா தலைமையிலான உண்மைக்கும் நீதிக்குமான சர்வதேசத் திட்டம் அந்நாட்டுத் தலைமை வழக்கறிஞரிடம் குற்றப் புகார் கொடுத்தது. 2009 போரின்போது பாதுகாப்புச் செயலாளராக இருந்து ஜெனீவா உடன்படிக்கைகளை மீறினார், சிங்கப்பூர்ச் சட்டப்படியே அவரைக் கைது செய்யலாம் என்பது அதன் சாரம். கைது நடக்கவில்லை. அவர் தாய்லாந்து போய், செப்டம்பரில் கொழும்பு திரும்பினார். டக்காரிலும் முதல் புகார் இப்படித்தான் தோற்றது என்பதைப் புகார் கொடுத்தவர்கள் அறிவார்கள். காம்பியாவை 22 ஆண்டுகள் ஆண்ட யஹ்யா ஜம்மே 2017-இல் எக்வடோரியல் கினிக்கு ஓடினார். அவரால் பாதிக்கப்பட்டவர்கள் ஹாப்ரே வழக்கின் ஆட்களிடமே பாடம் கேட்டு இயக்கம் கட்டினார்கள். அந்தக் குற்றங்களை விசாரிக்கச் சிறப்புத் தீர்ப்பாயம் அமைக்க மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு 2024 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்துவிட்டது.

ஹாப்ரே 2021 ஆகஸ்ட் 24 அன்று, 79 வயதில், கொரோனா தொற்றி டக்காரில் இறந்தார். இழப்பீடு அப்போதும் வந்து சேரவில்லை. மேல்முறையீட்டு அமர்வு 7,396 பேருக்கு 8,200 கோடி சி.எஃப்.ஏ. பிராங்கு, ஏறத்தாழ 12.5 கோடி யூரோ, கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. வன்புணர்வுக்கும் பாலியல் அடிமைத்தனத்துக்கும் ஆளானவர்களுக்குத் தலைக்கு இரண்டு கோடி பிராங்கு, சித்திரவதை பட்டவர்களுக்கு ஒன்றரைக் கோடி, இறந்தவர்களின் வாரிசுகளுக்கு ஒரு கோடி. ஹாப்ரேயின் சொத்தைத் தேடிப் பிடிக்க ஆப்பிரிக்க ஒன்றியம் ஒரு நிதியம் அமைக்க வேண்டும் என்றும் அது சொன்னது. சாட்டின் சொந்த நீதிமன்றமும் 2015-இல் டி.டி.எஸ். ஆட்கள் 20 பேரைத் தண்டித்து, 7,000 பேருக்கு 7,500 கோடி பிராங்கு கொடுக்கச் சொல்லி, பாதியை அரசின் தலையில் கட்டியது. டி.டி.எஸ். தலைமையகத்தை அருங்காட்சியகம் ஆக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

பணம் வரவில்லை. விதவைகள் என்ஜமீனாவில் தொடர்ந்து ஆர்ப்பாட்டம் செய்தார்கள். முதேனா ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையத்தின் கதவைத் தட்டினார். 2024-இல்தான் சாட் அரசு ஒரு சிறு பகுதியைப் பகிர்ந்து கொடுக்கத் தொடங்கியது. அது தீர்ப்பில் சொன்ன தொகைக்குப் பக்கத்தில்கூட இல்லை. மீதிக்காகச் சங்கம் இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறது.